நன்றாக இருக்கிற வண்டிக்கு எதற்கு 9,500 ரூபாய் டீடெய்லிங்?

கூடுவாஞ்சேரி லோக்கல்:
2018 மாடல் வெள்ளை ஹாட்ச்பேக் கார், 61,000 கிலோமீட்டர், ஒரே ஓனர். தினமும் ஸ்டேஷன் பார்க்கிங்கில் போட்டுவிட்டு மின்சார ரயில் ஏறிவிடுவேன். எங்கள் அபார்ட்மென்டில் ஒருவர் மாதம் 600 ரூபாய்க்குத் தினமும் காலையில் துடைத்துத் தருகிறார். அடி கிடையாது, பெரிய கீறல் கிடையாது. பார்ப்பவர்கள் ‘புதுசா?’ என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் டிக்கிக் கதவில் மிளகாய்த்தூள் சிந்தியது போலப் பொடிப்பொடியாக ஆரஞ்சுப் புள்ளிகள். ஷாம்பு போட்டும் போகவில்லை. வண்டியை முழுசாகச் சுத்தம் செய்து மெருகேற்றித் தரும் டீடெய்லிங் கடை ஒன்றில் காட்டினேன். உள்ளும் வெளியும் சேர்த்து, ஒரு ரவுண்டு மெஷின் பாலிஷோடு 9,500. பெயிண்ட் மேல் காப்பாகப் பூசும் செராமிக் கோட்டிங் வேண்டுமென்றால் மேற்கொண்டு 20,000 என்றார்கள். மாமனாரோ, ‘அந்தக் காசுக்கு ரெண்டு டயர் மாத்தலாம் மாப்ளே’ என்கிறார். செய்யலாமா?

பழைய கியர்:
மாமனார் பேச்சைக் கேளுங்கள் தம்பி. நான் 2009இல் வாங்கிய வண்டி இன்றும் ஓடுகிறது. ஒரு வாளித் தண்ணீர், பழைய பனியன் துணி, அவ்வளவுதான். விற்கப் போனால் புரோக்கர் பார்ப்பது சர்வீஸ் ரெக்கார்டு, டயர், இடித்த வண்டியா என்பது. பளபளப்புக்காக எவனும் ஐயாயிரம் கூடுதலாகத் தர மாட்டான். இன்னொன்று, பாலிஷ் என்றாலே பெயிண்டைத் தேய்த்து எடுப்பதுதான். நன்றாக இருப்பதை எதற்குத் தேய்க்க வேண்டும்?

மைக்ரான்:
ஐயா, அந்தப் பனியன் துணிதான் வில்லனே. லோக்கல், வெள்ளையில் எளிதில் தெரியாது. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் கறுப்புப் பட்டை இருக்கிறதல்லவா, இரவில் போன் டார்ச்சை அதில் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு தெரிந்தால் வண்டி முழுக்க அதே கதைதான். ராத்திரி படிந்த தூசியைத் துணியால் இழுக்கும்போது அந்தத் தூசியே உப்புத்தாள் வேலை பார்த்துவிடும். ஏழு வருடம், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தாலும் இரண்டாயிரம் தடவைக்கு மேல் தேய்த்தாயிற்று. மெஷினால் ஒரு தடவை தேய்க்க மட்டும் என்ன பயம்?

ஆரஞ்சுப் புள்ளி, ரயில் கொடுத்த பரிசு. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்திலிருந்து பறக்கும் இரும்புத் துகள் பெயிண்டில் ஒட்டி, அங்கேயே துருப்பிடிக்கிறது. ஷாம்பு அதை ஒன்றும் செய்யாது. முதலில் இரும்பைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர், பிறகு ஒட்டியதை உருவி எடுக்கும் களிமண் மாதிரியான கிளே பார், அப்புறம் பாலிஷ். அரைகுறையாக விடாமல் முழுசாகச் செய்துவிடுங்கள்.

பழைய கியர்:
சரி, உங்கள் கணக்குக்கே வருகிறேன். பெயிண்டில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் அந்த நிறமில்லாத பூச்சு, கிளியர் கோட், எவ்வளவு தடிமன்?

மைக்ரான்:
கம்பெனி பெயிண்ட் எல்லாம் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 140 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50. லேசான பாலிஷுக்கு அதில் ஒன்றிரண்டு மைக்ரான் போகும். முரட்டுக் காம்பவுண்டு போட்டால் கூடுதலாகப் போகும்.

பழைய கியர்:
ஆக, தலைமுடி கனம்கூட இல்லாத ஒன்று. போனால் திரும்ப வராது. அதை, டார்ச் அடித்துத் தேடினால்தான் தெரியும் என்கிற கோட்டுக்காகக் காசு கொடுத்துக் கரைக்கச் சொல்கிறீர்கள். துடைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பனியன் துணி விஷயத்தில் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பார் சிந்திய சீட்:
ரெண்டு பேரும் வெளியிலேயே நிற்கிறீர்களே. வண்டி ஓட்டுகிறவர் உட்காருவது உள்ளே. ஸ்டீயரிங்கில் கைபிடிக்கும் இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறதா? லெதர் பளபளப்பு இல்லை அது, கை எண்ணெய். சுத்தமான லெதர் மங்கலாகத்தான் இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து ஈர மைக்ரோஃபைபரால் துடைத்துப் பாருங்கள், டீ வடிகட்டிய மாதிரி தண்ணீர் வரும். என் வண்டியில் சீட் தண்டவாளத்தில் மட்டும் பட்டாணி, ஸ்கெட்ச் பேனா மூடி, நாலு ஒரு ரூபாய்க் காசு. எல்லாம் என் பையன் உபயம்.

ஒரே எச்சரிக்கை. ஒரு கடையில் கார்பெட்டைத் தண்ணீர் விட்டு உறிஞ்சி எடுத்தவர்கள் சரியாகக் காயவிடாமல் கண்ணாடியை ஏற்றித் தந்துவிட்டார்கள். ஐப்பசி மழை வேறு. மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் ஊறிய சாக்கு வாடை. பால் கொட்டிய வாடையே தேவலை என்று ஆகிவிட்டது. வெயில் நாளாகப் பார்த்து விடுங்கள். வாங்கும்போது மிதியடியைத் தூக்கி, கார்பெட் மேல் டிஷ்யூ வைத்து அழுத்திப் பாருங்கள்.

பஃப் மாஸ்டர்:
நான் இதே தொழிலில் இருப்பவன், ஆனாலும் பழைய கியர் அண்ணன் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். எங்கள் ஆட்களில் பலர் பாலிஷ் என்ற பெயரில் போடுவது, கோடுகளை நிரப்பி மறைக்கும் எண்ணெய்ச் சரக்கு. டெலிவரி அன்று கண்ணாடி மாதிரி இருக்கும். நாலு வாஷில் கோடெல்லாம் எழுந்து வந்துவிடும். பானெட்டில் டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் பாலிஷ் போட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் எண்ணெய் போகத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் நின்றால்தான் அது பாலிஷ். பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் இல்லாத கடையில் மெஷினே வேண்டாம். முன்பு பேனல் வேலை நடந்த இடம், ஓர விளிம்பு இதெல்லாம் அளக்காமல் தேய்த்தால் கதை முடிந்தது.

செராமிக் விளம்பரத்தில் 9எச் என்று போடுவது பென்சில் கீறல் சோதனைக் கணக்கு. வைரம் ரேஞ்சுக்குக் கற்பனை செய்யாதீர்கள். தண்ணீர் நிற்காமல் ஓடும், அழுக்கு லேசில் ஒட்டாது. அது நிஜம். துணிக் கோடு அதன் மேலும் விழும். டேஷ்போர்டில் வழவழ சிலிகான் பாலிஷ் போட வந்தால் தடுத்துவிடுங்கள். மத்தியான வெயிலில் முன் கண்ணாடியில் டேஷ்போர்டு அப்படியே பிரதிபலித்து ரோடே தெரியாது.

மைக்ரான்:
தொழிலில் இருப்பவரே பாலிஷ் வேண்டாம் என்றால் நான் என்ன சொல்ல!

பஃப் மாஸ்டர்:
வேண்டாம் என்று சொல்லவில்லை சார். கறுப்பு வண்டி என்றால் நானே போடச் சொல்லியிருப்பேன்.

கூடுவாஞ்சேரி லோக்கல்:
பத்து நாள் கழித்து வருகிறேன். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, பாடி சூடாவதற்கு முன், கழுவிவிட்டு ஒரு பாலிதீன் கவருக்குள் கையை விட்டு டிக்கிக் கதவைத் தடவினேன். வெறுங்கைக்கு வழவழ என்றிருந்த இடம் கவருக்குள் ரவை கொட்டிய தரை மாதிரி நெருநெரு என்றது. அயர்ன் ரிமூவர் அடித்தேன். இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நாவல்பழச் சாறு போல ஊதா நிறம் வழிந்தது. அழுகின முட்டை நாற்றம். மேல்மாடியிலிருந்து ‘கேஸ் லீக்கா?’ என்று குரல். காயவிடாமல் உடனே கழுவிவிட்டேன். முக்கால்வாசிப் புள்ளி போய்விட்டது.

மீதிப் புள்ளிக்குக் கிளே, மேலே காப்புக்கு ஒரு சீலன்ட் பூச்சு, உள்பக்கம் முழுக்கச் சுத்தம் என்று மட்டும் கடையில் கேட்டேன். பாலிஷ், செராமிக் இல்லாமல் 5,200. டிஷ்யூ சோதனை பாஸ். சீட் பெல்ட் இப்போது சர்ரென்று உள்ளே போகிறது, இவ்வளவு நாள் அழுக்கால்தான் பாதியில் நின்றிருக்கிறது.

பழைய கியர்:
நல்ல முடிவு. துடைப்பவரை நிறுத்திவிட்டீர்களா? அவர் 600 ரூபாயில் கை வைக்காதீர்கள் தம்பி.

கூடுவாஞ்சேரி லோக்கல்:
இல்லைங்க, அதே 600தான். தினமும் கண்ணாடி மட்டும். வாரம் ஒரு நாள் ஷாம்பு வாஷ், துணி அலச ஒரு வாளி, ஷாம்புக்குத் தனி வாளி. முதல் நாள் சொன்னதும், ‘நான் சரியாத் துடைக்கலையா சார்?’ என்று முகம் வாடிவிட்டது. டார்ச் அடித்துக் கறுப்புப் பட்டையைக் காட்டியபின் சிரித்தார். போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும், ஈரத்தோடே ஒற்றி எடுக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தார்.

மைக்ரான்:
அப்போது பட்டையில் கோடு அப்படியேதான் இருக்கிறது?

கூடுவாஞ்சேரி லோக்கல்:
இருக்கிறது. நான்தான் ராத்திரியில் டார்ச் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.