சிங்கப்பூரில் புது வண்டி, செத்த பேட்டரி, டீலர் சொன்ன பதில்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பொங்கோல்வாசி
பேட்டரி செத்த கதையை நீட்டப் போவதில்லை. விடிகாலை, கார்பார்க், பட்டனை அழுத்தினால் டிக் டிக் டிக். எல்லாருக்கும் தெரிந்த சத்தம்தான். வண்டிக்கு இன்னும் ஒரு வயதுகூட முடியவில்லை. ஜம்ப் ஸ்டார்ட் செய்து நேராக டீலரிடம் போனேன். கவுண்டரில் இருந்த இளைஞர் டெஸ்டரை மாட்டினார், ரசீது அளவில் ஒரு சீட்டு வந்தது. எட்டிப் பார்த்தேன். கடைசி வரியில் பேட்டரியை மாற்றச் சொல்லியிருந்தது. அதற்கு மேலே அளவுகள் இருக்கும் இடத்தில் அவருடைய கட்டைவிரல். பேசி முடிக்கும்வரை அந்த விரல் நகரவே இல்லை. முன்கண்ணாடியில் மாட்டியிருக்கும் டேஷ்கேம் கேமராதான் பேட்டரியை உறிஞ்சிவிட்டதாம், வாரண்டியில் வராதாம். சீட்டைக் கேட்டேன். அது உள்ளே வைத்துக்கொள்வதற்கு என்று மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

காசு போனால் போகட்டும். அந்தக் கட்டைவிரல்தான் இன்னும் உறுத்துகிறது. வேறு யாருக்காவது இப்படி?

தேக்கா அக்கா
எனக்குப் பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட்டில் நடந்தது. தேக்கா சந்தையில் வஞ்சிரமும் நண்டும் வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு, பூமாலை வாங்கப் போய்த் திரும்பினால் வண்டிக்கு உயிரில்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் முன்கதவைத் திறந்துவிட்டேன். டிக்கி மின்சாரத்தில் திறப்பது, அது அசையவில்லை. 12 வோல்ட் பேட்டரி இருப்பதோ அந்த டிக்கிக்குள்ளேதான்! ஹாட்லைனில் கேட்டால் இழுவை வண்டி வரும், காத்திருங்கள் என்கிறார்கள். பக்கத்தில் நிறுத்தியிருந்த மலாய்க்காரப் பெரியவர்தான் பானெட்டைத் தூக்கி, ஃப்யூஸ் பெட்டிக்குள் இருந்த சிவப்பு மூடியைக் காட்டினார். அங்கே கேபிளைக் கொடுத்தால் போதும் என்றார். கொடுத்தோம், திறந்தது. மீன் வாசம் எப்போது போகும் என்று கேட்காதீர்கள்.

டீலர் என்ன சொன்னார் தெரியுமா? பல வருட வாரண்டி என்று விளம்பரத்தில் போட்டது வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரிக்காம். இந்தச் சின்னதுக்கு ஒரு வருடம்தானாம். விற்கும்போது இந்தச் சின்னதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே!

எஞ்சின் சத்தம்
பொங்கோல்வாசி கோபிக்க வேண்டாம், டீலர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நிறுத்திய வண்டியிலும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடில் கேமரா 0.3 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-அவர் காலி. உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 45 ஆம்பியர்-அவர் இருக்குமா? சனி, ஞாயிறு, திங்கள் விடுமுறை என்று வண்டியை எடுக்காமல் விட்டால் பாதி போய்விடும். என் வண்டியும் ஒருமுறை இப்படித்தான் படுத்தது, ஊருக்குப் போய் வந்த அன்று.

எல்லாரும் இதைச் செய்யுங்கள். ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12-க்குக் கீழே என்றால் காலி. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுகிறது என்று அர்த்தம். பேட்டரி இறங்கினால் கேமரா தானே அணையும் அளவு, அதாவது கட்-ஆஃப், அதை 12.2-க்குக் கீழே வைக்காதீர்கள். சிக்னலில் எஞ்சின் தானே நின்று கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள வண்டிக்கு அதற்கென்று உள்ள ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகைப் பேட்டரிதான் போட வேண்டும், ஜொகூர் பாருவில் மலிவு என்று சாதாரணப் பேட்டரி போட்டு வந்தால் நீடிக்காது.

பொங்கோல்வாசி
அண்ணே, அந்தக் கேமராவை மாட்டிக் கொடுத்ததே அவர்கள்தான். கார் வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டும் சோலார் ஃபிலிமோடு சேர்த்துக் கொடுத்த இலவசம். ஒப்பந்தத் தாளிலும் எழுதியிருக்கிறது.

எஞ்சின் சத்தம்
அப்படியென்றால் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கட்-ஆஃப் விஷயம் அப்போதும் பொருந்தும்.

ஊபி மாமா
வொர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். கேமரா சண்டையை விடுங்கள். பேட்டரி மேலே குத்தியிருக்கும் தயாரிப்புத் தேதி எழுத்தைப் பார்த்தீர்களா? வண்டி கப்பலில் வந்து, கார் வைத்துக்கொள்வதற்கான உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, கிடைக்கும்வரை யார்டில் வெயிலில் கிடக்கும். பேட்டரியின் சார்ஜ் அங்கேயே இறங்கி, தகடுகளில் சல்பேட் படிந்துவிடும். பதிவுத் தேதி புதுசு, பேட்டரி பழசு. நானே ஒருவரிடம் சொல்லிப் பார்க்க வைத்தேன். தேதியை போட்டோ எடுத்துக் காட்டியதும் சூப்பர்வைசர் உள்ளே போனார், வெளியே வந்து மாற்றித் தருவதாகச் சொன்னார். அவர் முகம் போன போக்கு இருக்கிறதே!

இன்னொன்று. பழுதான பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொருளை வாங்கி 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கொடுத்தபோதே பழுது இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. 6 மாதம் தாண்டினால் நிரூபிக்கும் பாரம் நம் தலையில். அதனால்தான் அந்தச் சீட்டு முக்கியம், தம்பி. தரவில்லை என்றால் வெளியில் ஒரு கடையில் டெஸ்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் பேசி விட்டுவிடாதீர்கள். ஒத்துவராவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அதற்கும் மேலே சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளிவரை கேட்கலாம், 2 ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை. ஒரு பேட்டரிக்காகப் போவீர்களா என்பது வேறு கேள்வி. போகத் தயார் என்று கடிதத்தில் எழுதினாலே சில இடங்களில் பேச்சு மாறும்.

தேக்கா அக்கா
மாமா, என்னுடையது ஒரு வருடம் தாண்டிவிட்டதே, எனக்கு ஒன்றும் இல்லையா?

இரவு ஓட்டி
அக்கா, இந்த ஊர் வெயிலுக்குப் பேட்டரி இரண்டு, மூன்று வருடம் தாங்கினால் பெரிய விஷயம். விட்டுவிடுங்கள்.

நான் வாடகை வண்டி ஓட்டுகிறேன், சொந்தக் கார். நள்ளிரவில் வேனில் வரும் ஆளைக் கூப்பிட்டுக் கார்பார்க்கிலேயே பேட்டரி மாற்றினேன், சட்டென்று முடித்துவிட்டார். பிறகு ஆல்டர்னேட்டர் போனது. டீலர் பானெட்டைத் திறந்தார், பேட்டரியைப் பார்த்தார், உடனே மூடினார். வெளிப் பேட்டரி, வாரண்டி ரத்து. ஆல்டர்னேட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை!

வெளிக் கடையில் கை வைத்தாலே வாரண்டி போகும் என்ற நிபந்தனையை, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டித்தன்மை ஆணையம் விசாரித்து, 2017-லேயே டீலர்கள் எடுத்துவிட்டார்கள். வெளியில் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால்தான் மறுக்கலாம். அந்தப் பேட்டரியால் ஆல்டர்னேட்டர் எப்படிப் போனது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதித் தரவில்லை, கடைசியில் ஆல்டர்னேட்டரை இலவசமாக மாற்றினார்கள். அதுவரை ஒரு மாற்று வண்டி கொடுத்தார்கள். அதில் வாடகை ஓட்டம் ஓட்டக் கூடாதாம். அந்த நாள்களின் வருமானத்தை யாரிடமாவது கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.