நவம்பரில் வெனிஸ்: சக்கர நாற்காலியோடு சான் மார்கோ சதுக்கம் போக முடியுமா?

நவம்பர் நடுவில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெனிஸ் போகிறோம். அம்மா சக்கர நாற்காலியில். சான் மார்கோ சதுக்கம் அவருடைய நெடுநாள் ஆசை. பயமெல்லாம் கடல் ஏற்றம்தான். கடல்நீர் ஊருக்குள் வராமல் தடுக்கும் மோசே தடுப்புக் கதவுகளைத் தூக்குவது கடல்மட்டம் 110 செ.மீ. வரை ஏறும் என்று எதிர்பார்த்தால்தான், சதுக்கத்தின் தாழ்வான பகுதியோ 80, 90-லேயே நனைந்துவிடும். வடிகால் துளைகள் வழியாகவே தண்ணீர் மேலே வருகிறது.

சாந்தா லூசியா ரயில் நிலையம் பக்கம் தங்குகிறோம். 1-ஆம் எண் பயணிகள் படகில் வல்லரெஸ்ஸோ நிறுத்தத்தில் இறங்கினால் சதுக்கம் வரை பாலம் ஏற வேண்டாம், அதுவரை சரி. ஓட்டலில் கேட்டால் "அன்றைக்குப் பார்க்கலாம்" என்கிறார்கள். நகராட்சியின் கடல்மட்ட முன்னறிவிப்பு சில நாட்களுக்கு மட்டுமே. தேதியை மாற்ற வழியில்லை.

தண்ணீர் ஏறிய நாளில் சக்கர நாற்காலியோடு போனவர்கள் யாராவது, சதுக்கத்தில் எந்தப் பக்கம் நனையாமல் இருந்தது என்று சொல்வீர்களா?