மீட்கப்பட்ட இரண்டு வெள்ளாடுகள் வருகின்றன: எப்போது மந்தையோடு விடலாம்?

கேள்வி

இந்த வாரம் எங்கள் காப்பகத்துக்கு இரண்டு வெள்ளாடுகள் வருகின்றன. காயடித்த கிடா ஒன்று, பெட்டை ஒன்று. இரண்டுக்கும் மூன்று வயதிருக்கும். வெகுநாள் கயிற்றிலேயே கிடந்ததால் குளம்பு நீண்டு முன்னால் வளைந்திருக்கிறது, விலா எலும்பு தெரிகிறது. ஏற்கெனவே ஆறு வெள்ளாடும் இரண்டு செம்மறியும் இங்கே இருக்கின்றன. தீவனம், குடற்புழு மருந்து, குளம்பு இவற்றில் எதை முதலில் பார்ப்பது? எத்தனை நாளில் மந்தையோடு சேர்க்கலாம்?

மறுமொழி 1

குறைந்தது 30 நாள் தனிக்கொட்டில். மூக்கோடு மூக்கு உரச முடியாத தூரம், தனி வாளி, தனித் தொட்டி, அங்கே போக மட்டும் ஒரு ஜோடி பூட்ஸ். தினமும் பழைய மந்தையைக் கவனித்து முடித்த பிறகே புதியவற்றிடம் போங்கள். தாடை, கழுத்து, தோள்பட்டைக்கு முன்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். அங்கே கட்டி இருந்தால் கீறிவிட வேண்டாம். அது தொற்றும் சீழ்க்கட்டியாக இருந்தால், மண்ணில் சிந்தும் சீழில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாயோரம் பொருக்குப் புண் தெரிந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மனிதருக்கும் தொற்றும்.

மெலிந்த ஆட்டைப் பார்த்ததும் இரக்கத்தில் தானியத்தை அள்ளி வைப்பதுதான் பெரிய ஆபத்து. அதன் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் நார்த்தீவனத்துக்குப் பழகியவை. மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனால் அமிலம் பெருகி, அசை நின்று, ஓரிரு நாளில் ஆடு செத்தே போகலாம். முதல் வாரம் நல்ல காய்ந்த புல், சுத்தமான தண்ணீர், இவை போதும். புல்லையும் மொத்தமாகக் கொட்டாமல் கால் கிலோ அளவில் நாளுக்கு நான்கு முறை வையுங்கள். தழை கொஞ்சம் கொஞ்சமாக. தானியம் போன்ற அடர்தீவனம் தேவை என்று மருத்துவர் சொன்னால் 50 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றலாம்.

கிடாவுக்கு அதுவும் வேண்டாம். தானியத்தில் பாஸ்பரஸ் அதிகம், காயடித்த கிடாக்களுக்குச் சிறுநீர்க் கல் வர அதுவே முக்கியக் காரணம். முக்கிக்கொண்டே நின்று சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சிறுநீரே வராவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். குடற்புழு பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வந்ததும் கையில் இருக்கும் மருந்தை ஊற்றிவிடாதீர்கள். முதலில் பெட்டை சினையா என்று தெரிய வேண்டும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், முதல் இரண்டு மாதம் வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்கேன் செய்தால் ஒரு மாதத்துக்குப் பிறகு தெரிந்துவிடும். சினையின் ஆரம்பத்தில் அல்பென்டசோல் என்ற குடற்புழு மருந்தைக் கொடுத்தால் குட்டிக்கு ஊனம் வரலாம். காயடித்தது என்று சொன்னதையும் நம்பிவிடாமல் கிடாவின் விதைப்பையைத் தடவிப் பாருங்கள்.

கண்ணின் கீழ் இமையை இழுத்து உட்புறம் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் கவலையில்லை. வெளுத்திருந்தால், கூடவே தாடைக்குக் கீழே நீர் கோத்த வீக்கமும் இருந்தால், இரத்தம் குடிக்கும் புழு ஏறியிருக்கிறது. அதற்கு உடனே சிகிச்சை வேண்டும். எப்படியானாலும் புது புழுக்கையை, அதில் உள்ள புழு முட்டையை எண்ண ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மருந்து கொடுத்து 10 முதல் 14 நாளில் மறுபடி எண்ணினால், முட்டை 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் மருந்துக்கு அசையாத புழு. அந்தப் புழுவோடு இந்த ஆடுகள் உங்கள் மேய்ச்சல் நிலத்தில் கால் வைத்தால், அங்கிருக்கும் எட்டு உயிருக்கும் அது போய்விடும்.

மருந்தளவுக்கு எடை தேவை. தராசு இல்லையென்றால்: மார்புச் சுற்றளவு × மார்புச் சுற்றளவு × உடல் நீளம் (தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை, எல்லாம் சென்டிமீட்டரில்) ÷ 10,840. 70 செ.மீ. சுற்றளவும் 65 செ.மீ. நீளமும் என்றால் சுமார் 29 கிலோ. வெள்ளாடு பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும். அதனால் புட்டியில் செம்மறிக்கு எழுதியிருக்கும் அளவைப் பின்பற்றினால் குறைவாகப் போய், புழு பழகிவிடும். அளவை மருத்துவரே சொல்லட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. குளம்பை வந்த அன்றே முழுதும் வெட்டிவிடலாமா?

மறுமொழி 3

கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் ஆடு தின்று, அசை போட்டு, தெளியட்டும். இவ்வளவு நீண்டிருந்தால் உள்ளே இரத்தக் குழாயும் சேர்ந்து முன்னுக்கு வந்திருக்கும், ஒரே தடவையில் சரி செய்யப் போனால் இரத்தம் கொட்டும். சுற்றிலும் மடிந்த சுவரை முதலில் நறுக்குங்கள், பிறகு நுனி. வெள்ளை வெட்டில் இளஞ்சிவப்பு தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டு அடுத்த சுற்று. மேலே மயிர் தொடங்கும் கோட்டுக்கு இணையாக அடிப்பாகம் வரும்வரை இப்படியே. பிறகு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை போதும். நாற்றமும் நொண்டலும் இருந்தால் குளம்பழுகல். 10 சதவீத துத்தநாக சல்பேட் கரைசலில் நிற்க வைத்து, காய்ந்த தரையில் விடுங்கள்.

சேர்க்கும்போது ஒரு வாரமாவது வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கமாக விடுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாக, திறந்த இடத்தில், பகலில். கொட்டிலுக்குள் வேண்டாம். மூலையில் மாட்டினால் முட்டில் விலா உடையும். தீவனத் தொட்டி ஆடுகளின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாக, தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: வெள்ளாட்டுத் தாது உப்பில் தாமிரம் அதிகம். உங்கள் செம்மறிகளுக்கு அது கல்லீரலில் சேர்ந்து உயிரையே எடுக்கும். அவை நுழைய முடியாத இடத்தில் வையுங்கள்.