ரிசீவில் காத்துக் கிடக்கும் த்ரெட்டைப் பத்திரமாக நிறுத்துவது எப்படி?

பீன்யா பொறியாளர்:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்கூடத்தின் எடைக் கருவிகளிலிருந்து சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) வழியாக அளவுகளைப் பெறும் நிரலை சி பிளஸ் பிளஸில் எழுதியிருக்கிறேன். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் அது ஓட வேண்டும். கருவி எதையும் அனுப்பாத நேரத்தில் த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் செயலோட்டம்) தரவு வரும்வரை காத்திருக்கும் ரிசீவ் அழைப்பிலேயே நின்றுவிடுவதால், அதை நிறுத்த லினக்ஸிலும் மேக்கிலும் பீத்ரெட் கேன்சலையும், விண்டோஸில் டெர்மினேட் த்ரெட்டையும் பயன்படுத்தினேன். நேற்று மாலை ஷிப்ட் முடிந்து நிரலை மூடியபோது விண்டோஸில் அது அப்படியே உறைந்துவிட்டது. லாக் கோப்பின் கடைசி வரி பாதியில் அறுந்திருந்தது.

வைட்ஃபீல்ட் வாசகர்:
அறுந்து கிடக்கும் அந்த வரியைப் பார்த்தால், லாக் எழுதும்போதே த்ரெட் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கொல்லப்படும் த்ரெட் நிரலுக்குள் பிடித்திருக்கும் பூட்டுகளை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழையவிடும் காப்பு) டெர்மினேட் த்ரெட் விடுவிக்காது. கொல்லப்பட்ட த்ரெட்டிடம் லாக்கின் பூட்டோ, நினைவகம் ஒதுக்கும் ஹீப்பின் பூட்டோ இருந்திருந்தால், அதற்காகக் காத்திருக்கும் மற்ற த்ரெட்டுகள் எழவே மாட்டா. பீத்ரெட் கேன்சல் இவ்வளவு மோசமில்லை. இயல்பு நிலையில் அது ரீட், ரிசீவ், போல் (poll, பல முனைகளில் எதிலாவது தரவு வரும்வரை காத்திருப்பது) போன்ற குறிப்பிட்ட அழைப்புகளில் மட்டுமே செயல்படும். ஆனால் பூட்டுக்காகக் காத்திருக்கும் மியூடெக்ஸ் லாக் அழைப்பு அந்தப் பட்டியலில் இல்லை, ஆண்ட்ராய்டின் சி நூலகத்திலோ பீத்ரெட் கேன்சலே கிடையாது. எனவே வெளியிலிருந்து கொல்லாமல், த்ரெட்டை எழுப்பி, அதுவே வெளியேறும்படி செய்யுங்கள்.

லினக்ஸிலும் மேக்கிலும் ஒரு பைப்பை (ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் படிக்கும் குழாய்) திறந்து, சாக்கெட்டோடு அதன் படிக்கும் முனையையும் சேர்த்துப் போலில் காத்திருங்கள். நிறுத்த வேண்டியபோது மறுமுனையில் ஒரு பைட் எழுதினால் போல் திரும்பிவிடும். லினக்ஸில் மட்டும் என்றால் பைப்புக்குப் பதில் ஈவென்ட் எஃப்டி போதும். விண்டோஸின் போல் சாக்கெட்டை மட்டுமே ஏற்கும் என்பதால், அங்கே டபிள்யூஎஸ்ஏ ஈவென்ட் செலக்ட் மூலம் சாக்கெட்டை ஒரு ஈவென்ட்டோடு (த்ரெட்டை எழுப்பும் அறிவிப்புப் பொருள்) இணைத்து, நிறுத்துவதற்கான இன்னொரு ஈவென்ட்டையும் சேர்த்து வெயிட் ஃபார் மல்டிபிள் ஆப்ஜெக்ட்ஸில் காத்திருக்க வேண்டும். அந்த இணைப்பு சாக்கெட்டை நான்-பிளாக்கிங் (தரவு இல்லாவிட்டால் காத்திருக்காமல் உடனே திரும்புவது) ஆக்கிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள்; நான் ஒரு நாள் முழுக்கத் தேடியது அதைத்தான்.

பீன்யா பொறியாளர்:
மிக்க நன்றி ஐயா. மெயின் த்ரெட்டிலிருந்து சாக்கெட்டை குளோஸ் செய்தாலே ரிசீவ் திரும்பிவிடாதா?

கோரமங்களா வாசகர்:
லினக்ஸில் திரும்பாது. அதைவிடப் பெரிய ஆபத்து, குளோஸ் செய்த சாக்கெட்டின் எண்ணையே அடுத்துத் திறக்கும் இணைப்புக்கு இயங்குதளம் கொடுத்துவிடக்கூடும் என்பதுதான். பழைய த்ரெட் சுழன்று மறுபடி ரிசீவை அழைத்தால், வேறொரு கருவியின் எடையை இந்தக் கருவியின் கணக்கில் சேர்த்துவிடும். லினக்ஸில் அவசரத்துக்கு சாக்கெட்டை ஷட்டவுன் செய்தால் ரிசீவ் திரும்பிவிடும். எப்படி எழுப்பினாலும், முதலில் நிறுத்தக் கொடியை (நிற்கச் சொல்லும் மாறி) உயர்த்தி, பிறகு எழுப்பி, ஜாயின் (த்ரெட் முடியும்வரை காத்திருப்பது) முடிந்த பின்னரே சாக்கெட்டை குளோஸ் செய்யுங்கள்.