நான்கு நிமிடம் நாற்பது விநாடி: மலையில் கரண்ட் போனால் நான் ஓடிப்போனவனா?

பூப்பாறை மழை
நாம் போனில் ஆடும் அணி விளையாட்டைப் பற்றி, 'சோதனைச்சாவடி' என்ற பெயரில் இருப்பவர் நேற்று இந்தக் குழுவில் எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "ஆட்டத்தின் நடுவில் போகிறவன் ஓடிப்போனவன்தான். காரணம் கேட்கவே கூடாது. ஏழு நாள் தடை போதாது, கணக்கையே மூட வேண்டும்" என்று எழுதியிருந்தார். என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் போன வியாழக்கிழமை ஏழு நாள் தடை வாங்கியவன் இந்தக் குழுவில் நான் ஒருவன்தான்.

நடந்தது இது. மூன்று நாளாக விடாத மழை. இரவு ஒன்பது மணிக்கு மேல் தரவரிசை ஆட்டம், அதாவது வென்றால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும் ஆட்டம். எங்கள் கை ஓங்கியிருந்தது. எங்கள் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, பின்னால் சில்வர் ஓக் கிளை முறிந்து மின்கம்பி மேல் விழுந்தது. விளக்கு போனது, வைஃபை போனது. போனில் 31 சதவீதம் சார்ஜ். கேரள டவர் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. கிழக்கு ஜன்னல் கம்பியோடு போனை ஒட்டிப் பிடித்தால் போடிமெட்டுப் பக்கமிருந்து தமிழ்நாட்டு டவர் கிடைக்கும். எங்கள் வரிசையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அம்மா டார்ச் பிடித்தார்கள், சாரல் முகத்தில் அடித்தது, நான் திரும்ப உள்ளே போனேன். போய்த் திரும்ப ஆன நேரம் நான்கு நிமிடம் நாற்பது விநாடி. ஐந்து நிமிடத்துக்குள் திரும்பினால் தடை இல்லை என்பது விதி. ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

ஆனாலும் தடை விழுந்தது. நடந்ததையெல்லாம் எழுதி மேல்முறையீடு செய்தேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் "முடிவு இறுதியானது" என்று பதில் வந்தது. நான் எழுதியதைப் படித்து முடிக்கவே அந்த நேரம் போதாது.

சோதனைச்சாவடி
மரியாதைக்காகத்தான் பெயர் சொல்லவில்லை. நீங்களே முன்னால் வந்துவிட்டீர்கள், நல்லது. அந்த ஆட்டத்தில் உங்கள் அணியில் நானும் இருந்தேன் என்பதை ஏன் எழுதவில்லை? நாங்கள் நான்கு பேர் ஐந்து பேரோடு மோதினோம். கையில் இருந்த ஆட்டம் போனது.

நான்கு நிமிடம் நாற்பது விநாடி என்பது உங்கள் போனில் செயலி திறந்த நேரம். காத்திருப்புத் திரை முடிந்து களத்தில் கால் வைத்தது எப்போது? அதைச் சொல்லுங்கள்.

பூப்பாறை மழை
காத்திருப்புத் திரை என் கையிலா இருக்கிறது? நான் வாசலுக்கு வந்துவிட்டேன். கதவைத் திறக்க அவர்கள் நேரம் எடுத்துக்கொண்டால் அது எப்படி என் கணக்கில் சேரும்? நான்கு நிமிடம் நாற்பது விநாடி.

சோதனைச்சாவடி
வாசலில் நிற்பவன் களத்தில் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் ஆள் அசைந்தபோது ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது.

செங்கோட்டை ரயில்
விநாடிச் சண்டை இருக்கட்டும். நிறுவனம் தண்டித்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற கணினி விளையாட்டை ஆடியவர்களில் சுமார் 12,000 பேரை வால்வ் நிறுவனத்தின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் தவறாகத் தடை செய்தது. வால்வின் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு, தடை வாங்கிய எல்லோருக்கும் இன்னொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார். 2023 அக்டோபரில் கணினிச் சில்லு செய்யும் ஏஎம்டி நிறுவனம் தன் கிராபிக்ஸ் மென்பொருளில் ஒரு புதிய வசதியைச் சேர்த்தது. அதை இயக்கிவிட்டு வால்வின் கவுன்டர் ஸ்டிரைக் 2 விளையாட்டை ஆடியவர்கள் மேல் தடை விழுந்தது. ஏஎம்டி அந்த மென்பொருளைத் திரும்பப் பெற்றது, தடைகளும் பிறகு நீக்கப்பட்டன. இத்தனைக்கும் அந்தத் தடை மேல்முறையீடே இல்லாத நிரந்தரத் தடை. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து கத்தினால் காது கேட்கிறது. பூப்பாறையில் ஒருவர் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

சோதனைச்சாவடி
அண்ணா, நீங்கள் சொல்வதெல்லாம் ஹேக் சந்தேகத்துக்கு விழுந்த தடை. இங்கே பேச்சு நடுவில் போனவரைப் பற்றி. கவுன்டர் ஸ்டிரைக்கில் நடுவில் போனால் முதலில் 30 நிமிடத் தடை, அடுத்தது 2 மணி நேரம், பிறகு 24 மணி நேரம், அதன் பிறகுதான் 7 நாள். படிப்படியாகத்தான் ஏறும். நாம் ஆடும் விளையாட்டிலும் அப்படித்தான். இவருக்கு நேராக ஏழு நாள் விழுந்திருக்கிறது என்றால் முன்பு எத்தனை முறை போயிருக்கிறார்? அந்தக் கணக்கை முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

பூப்பாறை மழை
எழுதுகிறேன், எனக்கு என்ன பயம்? ஜூன் மாதம் இரண்டு முறை, ஜூலையில் ஒரு முறை. மூன்றும் மழை நாள். எங்கள் ஊரில் ஜூன், ஜூலை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கோபாலபுரத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே, சமதளத்தில், இன்வெர்ட்டர் வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். பாலக்காட்டுக் கணவாயில் உங்களுக்குக் காற்று வரும், எங்களுக்கு மரமே விழும். படிப்படியாக ஏறும் தண்டனை நியாயமானது என்கிறீர்களே, அது வேண்டுமென்றே போகிறவனுக்கு நியாயம். மழை பெய்யும் ஊரில் பிறந்தவனுக்கு அது பருவமழையோடு சேர்ந்து ஏறுகிற தண்டனை. நான் ஒரு முறைகூட வெளியேறும் பொத்தானை அழுத்தியதில்லை. அழுத்தியவனையும் கரண்ட் போனவனையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்கள். அதைத்தான் கேட்கிறேன்.

மறுபடியும் சொல்கிறேன்: நான்கு நிமிடம் நாற்பது விநாடி.

சாந்தாம்பாறை அக்கா
தம்பி, நானும் மலைக்காரிதான், அதனால் என்னிடம் மழைக்கணக்கு சொல்ல வேண்டாம். ஏலத்தோட்ட வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, இரவில் ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். அதில் இரண்டு ஆட்டம். அதிலும் ஒருவர் நடுவில் காணாமல் போனால் எனக்கு அன்றைய பொழுது போச்சு. உனக்கு ஏழு நாள் போனது பெரிதாகத் தெரிகிறது. அந்த நான்கு பேருக்குப் போன புள்ளியை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? மழை இருட்டிக்கொண்டு வந்தால் நான் தரவரிசை ஆட்டமே தொடங்குவதில்லை. சாதாரண ஆட்டம் ஆடுவேன்.

பூப்பாறை மழை
அக்கா, ஜூன் முதல் செப்டம்பர் வரை நாங்கள் தரவரிசை ஆட்டமே ஆடக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்? புள்ளியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன். என்னை ஓடிப்போனவன் என்று ஏன் சொல்ல வேண்டும்?

கொழிஞ்சாம்பாறை
எல்லோரும் ஒன்றை மறக்கிறீர்கள். 2018இல் ஷாங்காயில் நடந்த கவுன்டர் ஸ்டிரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா என்ற நம் நாட்டு அணியின் வீரர் ஒருவர் கணினியில் ஏமாற்று மென்பொருளோடு பிடிபட்டார். அவருக்கு ஐந்து ஆண்டுத் தடை. அணியையே போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். தப்பே செய்யாத மற்ற நான்கு பேரும் மூட்டை கட்டினார்கள். அந்த அவமானம் நம் எல்லோருக்கும்தானே? அதனால் தண்டனை கடுமையாக இருப்பதே நல்லது.

செங்கோட்டை ரயில்
நீங்கள் சொன்னதே எனக்குச் சாதகம். அங்கே ஆதாரத்தைக் கையோடு பிடித்தார்கள், விசாரித்தார்கள், பிறகு தண்டித்தார்கள். இவரை யார் விசாரித்தார்கள்? அதோடு அந்த நான்கு பேர் செய்த குற்றம் என்ன, அதையும் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை
அணி என்றால் அப்படித்தான். 2020 செப்டம்பரில் பப்ஜி உள்பட 118 செயலிகளை அரசு தடை செய்தபோது நாம் எல்லோரும் என்ன குற்றம் செய்தோம்? போனது போனதுதான்.

செங்கோட்டை ரயில்
அதையும் இதையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? அது நாட்டுப் பாதுகாப்பு என்று அரசு எடுத்த முடிவு. இது ஒருவர் மேல் விழுந்த பழி.

சோதனைச்சாவடி
பழி என்றா சொல்கிறீர்கள்? பழைய கதை ஒன்று இருக்கிறது, இன்று சொல்லிவிடுகிறேன். போன ஓணத்துக்குச் சித்தூரில் நடந்த போட்டியில் அரையிறுதிக்கு இவர் வரவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்றார். நான்கு பேராக ஆடித் தோற்றோம். அன்றும் நாங்கள் நான்கு பேர், வியாழக்கிழமையும் நாங்கள் நான்கு பேர். நுழைவுக் கட்டணத்தில் இவர் பங்கையும் நான்தான் கட்டினேன். இன்றுவரை வரவில்லை.

பூப்பாறை மழை
கட்டணத்தை இழுக்கிறீர்களா? அன்று மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. விடியற்காலை நான்கரை மணியிலிருந்து பையோடு சாலையில் நின்றேன். இதை அன்றே உங்களிடம் போனில் சொன்னேன். "சரி, பரவாயில்லை" என்று சொன்ன வாய் இதே வாய்தான். மனதுக்குள் ஓராண்டு வைத்திருந்துவிட்டு இன்று எனக்கு ஏழு நாள் போதாது என்று எழுதுகிறீர்கள். இப்போது புரிகிறது, உங்கள் கோபம் தடையைப் பற்றியது அல்ல. பணத்தை நாளைக் காலை அனுப்புகிறேன்.

ஆனால் பணம் வந்ததும் ஓடிப்போனவன் என்ற சொல்லைத் திரும்பப் பெற வேண்டும்.

சோதனைச்சாவடி
பணம் வேறு, சொல் வேறு. களத்தில் கால் வைத்த நேரத்தைக் காட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டின் மேல்பாதியை வெட்டிவிட்டுத்தானே போட்டிருக்கிறீர்கள்? முழுப் படத்தைப் போடுங்கள்.

பூப்பாறை மழை
மேல்பாதியில் அம்மாவின் போன் அழைப்பு எண் தெரிகிறது, அதனால் வெட்டினேன். நேரம் கீழே தெளிவாக இருக்கிறது. நான்கு நிமிடம் நாற்பது விநாடி.

சாந்தாம்பாறை அக்கா
அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள் என்று எழுதினாய். பிறகு எதற்கு உன்னைப் போனில் அழைத்தார்கள்?

பூப்பாறை மழை
அக்கா, அது அழைப்பு வந்த நேரம் அல்ல, முன்பு தவறிப்போன அழைப்பு. அம்மா மாலையில் கடையிலிருந்து அழைத்தது. என் அம்மாவையும் இதற்குள் இழுக்காதீர்கள்.

சோதனைச்சாவடி
முழுப் படம்.

பூப்பாறை மழை
எண்ணை மறைத்துவிட்டுப் போடுகிறேன். இங்கே இப்போதும் கரண்ட் இல்லை, ஜன்னலில் நின்றுதான் எழுதுகிறேன், படம் ஏற மறுக்கிறது. நாளை போடுகிறேன். நான்கு நிமிடம் நாற்பது விநாடி, அதில் ஒரு விநாடியும் மாறாது.