மறு: யுஎஸ்பி ஆட்டோசஸ்பெண்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'தன்னியக்க இடைநிறுத்தம்' என்றே வைத்துக்கொள்ளலாம். பொருள் பிசகாது.

அன்புள்ள ஐயா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

யுஎஸ்பி துளையில் செருகிய சாதனம் சும்மா இருந்தால், மின்சாரம் மிச்சமாகட்டும் என்று அதைத் தானாக உறங்கவைக்கும் வசதிதான் ஆட்டோசஸ்பெண்ட். அதை 'தன்னியக்க இடைநிறுத்தம்' என்றால் பொருள் பிசகாதுதான். ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் லினக்ஸ் இயங்குதள வகுப்புக்கு வருபவர்கள் தோட்டத்துப் பிள்ளைகளும், ஓய்வுபெற்ற தண்டல் (தோட்ட மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்)மார்களும். அவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி: "சுட்டியை (மவுஸ்) கொஞ்ச நேரம் தொடாமல் வைத்தால் செத்துப்போகிறதே, ஏன்?" அதற்கு விடையாகப் பலகையில் எழுதக்கூடிய சொல்தான் எனக்கு வேண்டும்.

முதலில் அறிகுறியைச் சொல்லிவிடுகிறேன். சொல் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். வேறு துளையில் செருகியும் சுட்டி அசையவில்லை, இணைத்த யுஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையின் பட்டியலிலும் அதன் பெயர் இல்லை என்றால், கம்பியிலோ சுட்டியிலோ பழுது. பட்டியலில் பெயர் இருக்கிறது, சும்மா வைத்தால் மட்டும் நின்றுவிடுகிறது, பொத்தானை அழுத்தினால் உயிர் வருகிறது என்றால், அது மின்சேமிப்பின் வேலை. லினக்ஸின் மையக்கருவான கர்னலில் இதற்கான வழக்கமான காத்திருப்பு வெறும் 2 விநாடி. ஆனாலும் பொதுவாக லினக்ஸ் தானாகச் சுட்டியின்மேல் கைவைப்பதில்லை. மடிக்கணினியின் மின்கலம் நீடிக்கட்டும் என்று பவர்டாப் போன்ற மின்சேமிப்புக் கருவியில் எல்லா அமைப்புகளையும் முடுக்கிவிடும்போதுதான் இது நேர்கிறது. அந்தச் சாதனத்தின் 'பவர் கண்ட்ரோல்' கோப்பில் 'ஆட்டோ' என்றிருப்பதை 'ஆன்' என்று மாற்றினால் தீர்ந்தது. கணினியை மறுபடி தொடங்கினால் பழையபடி ஆகிவிடலாம் என்பதையும் எங்கள் வகுப்புக் கையேட்டில் சேர்க்க வேண்டும்.

என் பரிந்துரை: கண்ணயர்வு.

'இடைநிறுத்தம்' என்றால் யாரோ நிறுத்துகிறார்கள். முழுக் கணினியையும் நாமே உறங்கவைப்பதற்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். கண்ணயர்தலோ யாரும் சொல்லாமல் நிகழ்வது. 'தன்னியக்க' என்ற ஒட்டு அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சுட்டியை உறங்கவைப்பது கர்னல்தானே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சரிதான், ஆனால் கலைச்சொல் பயனரின் பக்கம் நின்று பேச வேண்டும். அவர் எந்தக் கட்டளையும் இடவில்லை.

சொல் வளையவும் செய்கிறது: கண்ணயர்வு நேரம், கண்ணயர்வைத் தடு, கண்ணயரும் சாதனங்கள். 'தன்னியக்க இடைநிறுத்தத்தை முடக்கு' என்பதைத் திரையில் ஒரு பட்டியில் (மெனு) பொருத்திப் பாருங்கள், இடம் போதாது.

கவிதைபோல் இருக்கிறது என்ற மறுப்பு வரும். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மலாய்ச் சொல்லையே பாருங்கள்: எலிக்கு 'தீக்குஸ்', அதன் முதலெழுத்தை இரட்டித்து இந்தக் கருவிக்கு 'தெத்தீக்குஸ்'. வீட்டில் புழங்கும் சொல்லிலிருந்தே எடுத்தார்கள். இன்று அது பாடநூலில் உட்கார்ந்திருக்கிறது. வேலை முடிந்து வந்து சாய்ந்தவர் 'கண்ணசந்துவிட்டேன்' என்று இங்கே தினமும் சொல்கிறார். அந்தச் சொல்லின் எழுத்து வடிவம் நமக்குப் போதும்.

விசைப்பலகை, ஒலிபெருக்கி, வெப்கேமரா எல்லாவற்றுக்கும் இதே சொல்லை ஆளலாம் என்பது என் கருத்து. அழுத்தியதும் மீள்வதற்கு 'விழிப்பு' போதுமா, 'விழித்தெழல்' வேண்டுமா என்பதில் மட்டும் அக்காமார், ஐயாமார் கருத்து தேவை. கையேட்டில் அந்தப் பக்கம் ஒன்றுதான் அச்சுக்குப் போகாமல் நிற்கிறது.