புதுத் தமிழய்யா பார்வையற்றவர்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் தோழர்களே. அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் நான். வரும் திங்கள் எங்களிடம் ஒரு தமிழய்யா பணியில் சேருகிறார், பார்வையற்றவர். "போர்டுல யார் எழுதுவா, பேப்பர் யார் திருத்துவா" என்று ஸ்டாஃப் ரூமில் இப்போதே முணுமுணுப்பு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 4% இடஒதுக்கீடு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "சலுகை சார்" என்கிறார்கள். எரிச்சல்தான் மிச்சம். (தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு இன்னும் தனி டம்ளர், அந்தச் சண்டை தனியாக ஓடுகிறது.)

பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் இணையப் பதிவில் மாணவர் வருகையை, போன் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துப் போட முடிகிறதா? விடைத்தாள் திருத்த உங்கள் பள்ளியில் என்ன ஏற்பாடு? கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், அதில் தமிழ் வாசிப்பு எப்படி? பார்வையற்ற ஆசிரியர்கள் இங்கிருந்தால், முதல் நாள் நாங்கள் எதைச் செய்யவே கூடாது என்றும் சொல்லுங்கள்.